சாரலுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்: தொழிலுக்குச் சொந்த மின்னஞ்சல்

தென்காசி, குற்றாலம் பக்கம் விடுதியோ மிளகு, ஏலக்காய்க் கடையோ வைத்திருப்பவர்களின் விசிட்டிங் கார்டில் பெரும்பாலும் ஜிமெயில் முகவரிதான் இருக்கிறது. 2004இல் வந்ததிலிருந்து அது இலவசம். 15 ஜிபி இடமும் தருகிறார்கள். ஆனால் போட்டோ, டிரைவ் எல்லாம் அதற்குள்தான். வீட்டு உபயோகத்துக்கு இது போதும். தொழிலுக்கு அப்படியில்லை. சீசன் நேரத்தில் கணக்கு முடங்கினால் யாருக்குப் போன் போடுவது?

முதல் வேலை, ஒரு நோட்டில் இப்போதைய முகவரியோடு இணைந்தவற்றை எல்லாம் எழுதுவது: வங்கி, ஜிஎஸ்டி, வருமான வரி, அறை முன்பதிவுத் தளங்கள். மாறுவதில் உண்மையான பாடு இந்தப் பட்டியலில்தான். சொந்த முகவரிக்குக் கட்டும் சந்தா பெரிய விஷயமே இல்லை.

அடுத்து டொமைன் வாங்குங்கள். விடுதிப் பெயரோடு டாட் இன் போதும். வெப்சைட் போட்டுக் கொடுக்கும் தம்பியின் பெயரில் அது பதிவாகிவிடக் கூடாது. உங்கள் பெயர், உங்கள் போன் எண். டொமைன் கணக்குக்குத் தொடர்பு முகவரியாகப் பழைய ஜிமெயிலையே கொடுங்கள். புது முகவரியைக் கொடுத்தால், டொமைன் காலாவதியாகும் நாளில் எச்சரிக்கைக் கடிதமும் உங்களுக்கு வந்து சேராது. டொமைன் கையில் இருந்தால் நாளை எந்த நிறுவனத்துக்கும் முகவரி மாறாமல் போகலாம். காசு கொடுப்பதில் எனக்குத் தெரியும் பெரிய லாபம் இதுதான்.

இனி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நம்மூரில் ஜோஹோ பெயர் தானாக வரும். மத்தளம்பாறையில் அலுவலகம், அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு குடியிருப்பதும் அங்கேதான். 2008இல் தொடங்கிய ஜோஹோ மெயிலில் இன்று மத்திய அரசு ஊழியர்களின் அஞ்சலே ஓடுகிறது. சின்ன நிறுவனம் என்று இனி சொல்ல முடியாது. பக்கத்து ஊர் என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். உங்கள் கடிதங்கள் இருக்கப்போவது மத்தளம்பாறையில் இல்லை, சென்னை, மும்பை டேட்டா சென்டர்களில். அவர்களுடைய இலவசத் திட்டத்தில் ஐமேப் கிடையாது, அதனால் அவுட்லுக் போன்ற வேறு செயலியில் திறக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் ஃபாஸ்ட்மெயில் 1999 முதல் இதே தொழிலில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் புரோட்டான் குறியாக்கத்துக்குப் பேர்போனது. ஆனால் உங்கள் விருந்தினர் ஜிமெயிலில் இருந்தால், வழக்கமாக அனுப்பும் கடிதத்துக்கு முழுக் குறியாக்கம் கிடைக்காது. யாரிடம் போனாலும் மூன்றைக் கேளுங்கள்: ஐமேப் உண்டா, போனில் ஆள் கிடைப்பார்களா, புதுப்பிக்கும்போது என்ன விலை?

பிறகு, வரும் கடிதம் எந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை டொமைனில் மாற்றுங்கள். கடிதம் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைச் சேர்க்காமல் விட்டால், நீங்கள் அனுப்பும் ரசீதுகள் ஸ்பாமில் விழக்கூடும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதில் கெடுபிடியாக இருக்கிறது. பழைய கடிதங்களை ஐமேப் வழியாக இழுத்துக்கொண்டு, ஜிமெயிலுக்கு வருவதைப் புது முகவரிக்குத் திருப்பிவிடுங்கள்.

இதையெல்லாம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான சாரல் சீசனில் தொடவே வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். பிப்ரவரி, மார்ச்தான் தோது. நோட்டில் எழுதியதை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், வங்கியிலிருந்து தொடங்கி. ஜிமெயிலை மூடிவிடாதீர்கள், இரண்டு ஆண்டு தொடாமல் கிடந்தால் கூகுளே அதை நீக்கக்கூடும், அவ்வப்போது உள்ளே போய்ப் பாருங்கள்.