விமானம் துலக்குதலும் ஓர் அறிவியலே

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

வானில் பறக்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்து வியக்காதவர் இலர். அதை ஓட்டும் விமானியைப் போற்றுகிறோம். வடிவமைத்த அறிஞரைப் பாராட்டுகிறோம். ஆனால், அதைக் கழுவித் துடைத்து மெழுகு பூசி வைக்கும் கைகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. “துடைப்பதில் என்ன அறிவியல் இருக்கிறது?” என்று கேட்பவரும் உண்டு. இருக்கிறது. நாம் வகுப்பறையில் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் அதில் ஒருங்கே அடங்கியிருக்கின்றன என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். நான் எடுத்துக்கொள்வது பெரிய பயணிகள் விமானம் அன்று. இழையாலும் பிசினாலும் ஆன, இருவர் அமரும் சிறிய விமானம்.

கூட்டுப்பொருள் விமானம்

மண்சுவர் எழுப்புவோர் சேற்றோடு வைக்கோலைச் சேர்த்து மிதிப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். வெறும் சேறு காய்ந்தால் வெடிக்கும். வெறும் வைக்கோல் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் சுவர் நிற்கும். கூட்டுப்பொருளின் தத்துவமும் இதுவே. கண்ணாடி இழை அல்லது கார்பன் இழையால் நெய்த துணியை எப்பாக்சி போன்ற பிசினில் நனைத்து, அச்சின்மேல் அடுக்கடுக்காகப் படியவைத்து இறுகச் செய்கிறார்கள். இழை இழுவிசையைத் தாங்குகிறது. பிசின் இழைகளை இடம்பெயராமல் பிடித்துக்கொள்கிறது. சில பகுதிகளில் இரண்டு தோல்களுக்கு நடுவே நுரைப்பலகையை வைத்து, எடை கூடாமல் விறைப்பை மட்டும் கூட்டுகிறார்கள்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உருவான ‘பீனிக்ஸ்’ என்னும் கிளைடர் 1957இல் பறந்தது. கண்ணாடி இழைப் பிளாஸ்டிக்கால் ஆன முதல் கிளைடர் அதுவே. 1986 டிசம்பரில் ‘வாயேஜர்’ என்னும் இழை விமானம், எங்கும் இறங்காமலும் வழியில் எரிபொருள் நிரப்பாமலும் 9 நாட்களில் உலகைச் சுற்றி வந்தது. நம் நாட்டிலும் பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வகம் ‘ஹன்சா’ என்னும் இருவர் பயிற்சி விமானத்தை இம்முறையில் உருவாக்கியது. அதன் முதல் வடிவம் 1993இல் பறந்தது, ‘ஹன்சா-3’ 2000இல் சான்றிதழ் பெற்றது, ‘ஹன்சா என்.ஜி.’ என்னும் புதிய வடிவம் 2021 செப்டம்பரில் பறந்தது.

ஏன் துலக்க வேண்டும்?

அழகுக்காக மட்டும் அன்று. பாய்மத்தின் வரிச்சீர் ஓட்டத்தையும் சுழற்சி ஓட்டத்தையும் நாம் படித்திருக்கிறோம். இறக்கையை ஒட்டிச் செல்லும் மெல்லிய காற்றடுக்கை எல்லைப் படலம் என்பர். இக்கருத்தை லுட்விக் பிராண்டில் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1904இல் வெளியிட்டார். உலோக இறக்கையில் தகடுகளின் இணைப்புகளும் தறையாணிகளும் காற்றைக் கலைக்கும். இழை விமானத்திலோ ஆணியே இல்லாத வழுவழுப்பான பரப்பு, எனவே எல்லைப் படலம் நெடுந்தூரம் வரிச்சீராக ஓடும், உராய்வு குறையும். ஆனால், இறக்கையின் முன்விளிம்பில் ஒரு பூச்சி அடிபட்டு ஒட்டிக்கொண்டால் போதும். அதற்குப் பின்னால் ஓட்டம் கலைந்து, ஆப்பு வடிவில் சுழற்சி பரவுகிறது.

இது ஏட்டளவுச் செய்தி அன்று. அமெரிக்காவில் பர்ட் ரூட்டான் வடிவமைத்த ‘வேரிஈஸ்’, ‘லாங்ஈஸ்’ என்னும் சிறு விமானங்களுக்கு மூக்கருகே ஒரு முன்சிறகு உண்டு. மழையில் நுழைந்தபோது, அந்த முன்சிறகின்மேல் படிந்த நீர்த்துளிகளால் அதன் ஏற்றுவிசை குறைந்து, சில விமானங்களின் மூக்கு தாழ்ந்தது. பிற்பாடு ஜான் ரான்ஸ் என்பவர் மழையால் பாதிக்கப்படாத வேறொரு முன்சிறகு வடிவத்தை அமைத்துத் தந்தார். நீர்த்துளி செய்யும் வேலையைப் பூச்சிக் கறையும் செய்ய வல்லது. இரும்பையும் தூக்கிச் செல்லும் காற்று, ஒரு பூச்சியைப் பொறுக்காது!

ஏன் மெழுகு?

இழை விமானத்தின் முதற்பகை வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிசினின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. அதனால்தான் பிசினின்மேல் ஒரு காப்புப் பூச்சு இடுகிறார்கள். அந்தப் பூச்சும் காலப்போக்கில் மங்கி, சுண்ணாம்பு போல் கையில் ஒட்டி, பிறகு மயிரிழை அளவு வெடிக்கும். மெழுகு இந்தத் தேய்வைத் தாமதப்படுத்துகிறது. தூசும் பூச்சியும் ஆழப் பதியாமலும் தடுக்கிறது. அடுத்த முறை தேய்க்கும் தேவை குறைவதே இதன் பெரும்பயன்.

பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு இதற்கு ஏற்றது. தேன்மெழுகு 60 டிகிரி செல்சியசைச் சற்றே தாண்டியதும் உருகிவிடும். கார்னாபா 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். வெயிலில் நிற்கும் பரப்பில் பூச எது தகுதியானது என்பது இதனால் விளங்கும்.

வெப்பத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிசின் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் விறைப்பை இழந்து இளகும். கடும் வெயிலில் கறுப்புப் பரப்பு 80 டிகிரியைத் தாண்டக்கூடும். ஆகவேதான் இழை விமானங்கள் பெரும்பாலும் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. மின்சாரப் பாலிஷ் எந்திரத்தை ஓரிடத்திலேயே அழுத்தி ஓட்டக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். உராய்வால் பிறக்கும் வெப்பம் அங்கேயே தங்கிவிடும்.

நான் கண்ட வேலை

சென்ற கோடை விடுமுறையில், என் தாய்மாமன் உதவியாளராக இருக்கும் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று இருபது நாட்கள் அவருடன் தங்கினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. மாமா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பதினெட்டு ஆண்டுகளாக விமானங்களைக் கழுவி வருகிறார். அவரிடம் கற்ற முறையைக் கீழே வரிசைப்படுத்துகிறேன்.

1. விமானத்தை நிழலில் நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான பரப்பில் சோப்பு நீர் காய்ந்து கறையாகும். எஞ்சின் சுவிட்சு அணைந்திருக்கிறதா, சாவி வெளியே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படியிருந்தும் முன்விசிறியைக் கையால் திருப்பக் கூடாது.

2. வேகத்தையும் உயரத்தையும் காட்டும் கருவிகள் காற்றழுத்தத்தைக் கொண்டே இயங்குகின்றன. அந்த அழுத்தத்தை வாங்கும் பிட்டோ குழாயிலும், பக்கவாட்டுச் சிறுதுளைகளிலும் நீர் புகாமல் மூட வேண்டும். எத்தனை இடங்களை மூடினோம் என்று எண்ணி எழுதி வைக்க வேண்டும்.

3. முதலில் தண்ணீரை மட்டும் தாராளமாக ஊற்றி மணலையும் தூசையும் போக்க வேண்டும். பிறகு மென்மையான சோப்பு நீரும் பஞ்சும். சோப்புக்கு ஒரு வாளி, பஞ்சை அலச ஒரு வாளி. பூச்சிக் கறையைச் சுரண்டாமல், ஈரத்துணியைப் போர்த்திச் சிறிது நேரம் ஊறவிட்டால் தானே இளகும். தேங்காய் நாரும் துலக்கும் பொடியும் கிட்டே வரக் கூடாது. பெட்ரோல், தின்னர், அசிட்டோன் ஆகியவை பூச்சையும் பிசினையும் கெடுக்கும்.

4. குழாயால் பீய்ச்சி அடிக்கக் கூடாது. கீல்களிலுள்ள மசகு கழுவப்பட்டுவிடும். விரிசல் வழியே நுரைப்பலகைக்குள் நீர் புகுந்தால் எடை கூடும். அடிப்புறத்திலுள்ள வடிதுளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும்.

5. விமானியின் தலைக்கு மேலுள்ள மூடி, பார்வைக்குக் கண்ணாடி. உண்மையில் அக்ரிலிக் பிளாஸ்டிக். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, நிறைய நீர் விட்டு, வெறுங்கையால் தடவித்தான் அழுக்கை எடுக்க வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நிலைமின்னேற்றமும் உண்டாகி, தூசை மேலும் இழுக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பட்டால் அதில் நுண்விரிசல் ஓடும்.

6. நன்றாக உலர்ந்த பிறகு, மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, வெண்மை படர்ந்ததும் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். விமானி கால் வைத்து ஏறும் இடத்தில் பூசினால் வழுக்கும். அழுத்தத் துளைகளின் அருகிலும் பூசலாகாது.

7. முடிவில் மூடியவற்றைத் திறந்து, எழுதிய எண்ணிக்கையோடு சரிபார்க்க வேண்டும்.

இந்த ஏழாவது விதி எளியது போல் தோன்றும். 1996 அக்டோபர் 2ஆம் நாள், பெரு நாட்டின் லிமா நகரிலிருந்து ஏரோபெரு 603 என்னும் போயிங் 757 விமானம் நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டது. அது உலோக விமானம்தான். அதைத் துலக்கியபோது அழுத்தத் துளைகளின்மேல் ஒட்டிய நாடாவை எடுக்க மறந்திருந்தார்கள். கருவிகள் உயரத்தையும் வேகத்தையும் பொய்யாகக் காட்டின. இருட்டில் கடலுக்கு மேல் வழி தடுமாறிய விமானம் பசிபிக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 70 பேரும் மாண்டனர். துடைக்கும் வேலையை அற்பம் என்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

விரல் படிக்கும் பாடம்

ஒருநாள் காலை, இறக்கையின் அடிப்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மாமாவின் கை ஓரிடத்தில் நின்றது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்கு ஒரு மயிரிழை தட்டுப்பட்டது. “கண்ணு ஏமாந்துடும் மாப்ளே, விரலு ஏமாறாது” என்றார். எஞ்சினியரை அழைத்து வந்தார். அவர் ஒரு நாணயத்தால் அந்த இடத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். சந்தையில் மண்பானை வாங்கும் பெண்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதே சோதனைதான். எங்கும் கணீரென்று கேட்ட ஒலி, ஒரு கையகல இடத்தில் மட்டும் மொத்தென்று கேட்டது. உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கின்றன என்பது அதன் பொருள். தாக்குண்ட உலோகம் பெரும்பாலும் நசுங்கிக் காட்டும். இழைப்பொருள் வெளியே ஒழுங்காக இருந்துகொண்டே உள்ளே பிரிந்துவிடக்கூடும். அன்று காலை அந்த விமானம் பறக்கவில்லை. பழுதுபார்க்கத் தள்ளிச் சென்றார்கள்.

எஞ்சினியர் பதிவேட்டில் அனைத்தையும் எழுதிக் கையொப்பமிட்டார். கண்டுபிடித்தவர் பெயர் அதில் இல்லை. உதவியாளர் பெயரை எழுதும் இடம் அந்தப் பதிவேட்டில் கிடையாது. “உங்க பேரு இல்லையே மாமா?” என்றேன். “வண்டி நின்னுச்சா இல்லியா? அது போதும்” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். அவருக்குப் போதும், எனக்குப் போதவில்லை.

இன்னொரு நாள் மோட்டார் கார்க் கடையிலிருந்து புதிய மெழுகு டப்பா ஒன்று வந்தது. அதன்மேல் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன். சிலிக்கோன் கலந்தது என்றிருந்தது. சிலிக்கோன் பட்ட பரப்பில் பிற்பாடு பூச்சும் ஒட்டாது, பழுது பார்க்கையில் பிசினும் சரியாகப் பற்றாது என்று எஞ்சினியர் சொல்லியிருந்தார். மாமாவிடம் சொன்னேன். அவர் டப்பாவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, “இதைத்தான்டா எங்களால படிக்க முடியல” என்றார். விரலால் மயிரிழை விரிசலைப் படிப்பவர், டப்பாவின் எழுத்தைப் படிக்க இயலாமல் நின்றார்.

அன்றிரவு மேற்கண்ட ஏழு விதிகளையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதினேன். எஞ்சினியர் பார்த்துத் திருத்தித் தந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடிய உதவியாளர்கள் நால்வரும் பார்க்கும்படி கொட்டகைச் சுவரில் அதை ஒட்டினோம். நான் கற்ற இயற்பியல் முதன்முதலாக ஒருவர் கைக்குப் பயன்பட்டது அப்போதுதான்.

முடிவுரை

பட்டம் பெறுவோர் சிந்திக்க, பட்டம் பெறாதோர் துடைக்க என்று அறிவை இரு கூறாக்கி வைத்திருக்கிறோம். விமானத்திற்கு அந்தப் பிரிவினை தெரியாது. எல்லைப் படலத்தை அறிந்த மூளையும் விரிசலை அறிந்த விரலும் சேர்ந்தால்தான் அது நலமாகத் தரையிறங்கும். இழையும் பிசினும் போல இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும்.

என்னைப் போல் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டார் செய்யும் தொழில் எதுவாயினும், அதில் நம் பாடநூல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். அவர்கள் கைக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதுங்கள். நாம் படித்ததை அவர்களுக்குப் புரியும் தமிழில் எழுதிக் கொடுங்கள். கல்விக்கு அதைவிட நல்ல மெழுகு வேறில்லை.