ஊருக்கு ஊர் மாறும் கணக்கு

கேள்வி: ஒரு மெகாவாட் மின்சாரத்துக்கு ஆகும் முதலீடு ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது?
- ஒரு வாசகர், தேனி

பதில்: சோலார் பேனலின் விலை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நிலத்தின் விலையும், கடன் வட்டியும், துணை மின்நிலையம் வரை இழுக்க வேண்டிய கம்பியும்தான் மாறுகின்றன. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் நிலையம் சுமார் 4,550 கோடி ரூபாயில் எழுந்தது. மெகாவாட்டுக்கு 7 கோடி. பிறகு பேனல் விலை வெகுவாகச் சரிந்துவிட்டது. அந்தக் கணக்கை இன்றைக்கு நம்பாதீர்கள்.

காற்றாலைக்கு இடம்தான் உயிர். நொடிக்கு 6 மீட்டர் காற்று 7 ஆனால், அதிலுள்ள ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றால் வேட்டியைப் பிடித்துக்கொள்ளத்தான் நேரம் இருக்கும்! அதே இயந்திரத்தைக் காற்று மெலிந்த ஊரில் நட்டால் செலவு அதேதான், யூனிட் குறையும். ஆகவே முதலில் ஓராண்டாவது கோபுரம் நட்டுக் காற்றை அளந்து பாருங்கள்.