காதால் பழகும் கட்டிடம்

முன்பின் தெரியாத ஒரு பெரிய அலுவலகத்துக்குப் போறீங்க. உள்ளே நுழைந்ததும் படிக்கட்டு எங்கே, லிஃப்ட் எங்கே, வெளியேறும் வாசல் எங்கே என்று ஒரு நோட்டம் விடுவீங்க, இல்லையா? பார்வையற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. பலரும், ஒருமுறை யாராவது கூட்டிப்போய்ப் பழக்கிய பாதையை நினைவில் வைத்தே நடக்கிறார்கள். அந்தப் பாதையில் ஒரு கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வது?

இதற்கு உதவுவதுதான் ஒலி வரைபடம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நியூட்டன் நகரில் கேரல் பார்வையற்றோர் மையம் இருக்கிறது. அங்குள்ள இரண்டு தளக் கட்டிடம் ஒன்றை அப்படியே கம்ப்யூட்டருக்குள் ஒலியால் உருவாக்கினார்கள். நரம்பியல் ஆராய்ச்சியாளர் லோட்ஃபி மெராபெட், சிலி பல்கலைக்கழகத்தின் ஹைமே சான்செஸ் ஆகியோர் இந்த முயற்சியில் முக்கியமானவர்கள்.

எப்படி வேலை செய்கிறது?

ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, கீபோர்டைத் தட்டினால் போதும். நீங்கள் அந்தக் கட்டிடத்துக்குள் 'நடக்கலாம்'. நடக்கும்போது காலடிச் சத்தம் கேட்கும். வலப்பக்கம் கதவு இருந்தால் வலது காதில் கதவு தட்டும் சத்தம் வரும். எங்கே நிற்கிறீர்கள், எந்தத் திசையை நோக்கி நிற்கிறீர்கள் என்பதை ஒரு குரல் சொல்லும்.

விளையாடியவர்கள் ஜெயித்தது எப்படி?

ஒரு குழுவுக்கு, இதிலேயே பாதை பாதையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு குழு இதை கேமாக விளையாடியது. அறைகளில் ஒளிந்திருக்கும் ரத்தினங்களைத் தேடி எடுத்து வெளியே கொண்டுவர வேண்டும். நடுவில் பூதங்கள் வந்து பறித்து, வேறு இடத்தில் ஒளித்துவைக்கும்!

பிறகு நிஜக் கட்டிடத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். முடிவுகள் 2012-ல் வெளியாகின. ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவதில் இரு குழுவும் சமம். ஆனால், வெளியேறுவதற்கான மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிப்பதில் கேம் விளையாடியவர்களே முந்தினார்கள். முதல் குழு கற்றது பாதைகளை. பூதத்துக்குப் பயந்து மூலை முடுக்கெல்லாம் ஓடியவர்களுக்கோ முழுக் கட்டிடமும் மனதில் பதிந்துவிட்டது. தீ விபத்து மாதிரி நேரத்தில் இந்த வித்தியாசம் உயிரையே காப்பாற்றும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பார்வையற்ற ஒருவர் வழி கேட்டால், "அதோ அந்தப் பக்கம்" என்று கை காட்டாதீங்க. "நேரா போங்க, உங்க வலது கைப் பக்கம் இரண்டாவது கதவு. அது பூட்டியிருந்தா, எதிரிலேயே இன்னொரு வாசல் இருக்கு" என்று சொல்லுங்க. தெரிந்தவர் புது இடத்துக்குப் போகிறாரா? இதையே உங்கள் போனில் வாய்ஸ் மெசேஜாகப் பேசி முன்கூட்டியே அனுப்பிவிடுங்க. மாற்று வழியையும் சேர்த்துச் சொல்ல மறக்காதீங்க.