அதிகையில் காலை, தில்லையில் மாலை: ரயிலில் போகும் வழி

திருவதிகை வீரட்டானேசுவரரையும் சிதம்பரம் நடராசரையும் ஒரே நாளில் தரிசிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கார் பேசுகிறார்கள். கார் வேண்டாம் என்பவர்கள் பண்ருட்டியில் கடலூர் பஸ் ஏறி, கடலூரில் இறங்கி, சிதம்பரம் பஸ்ஸைத் தேடுகிறார்கள். பண்ருட்டிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே நேராக ஒரு ரயில்பாதை இருக்கிறது. தூரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கேட்டால், ரயில் எப்போதோ ஒன்றுதானே, பஸ் என்றால் நினைத்த நேரத்தில் போகலாமே என்கிறார்கள். பஸ் அடிக்கடி உண்டு என்பது உண்மை. ஆனால் இந்தப் பயணத்தில் அதனால் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. திருவதிகையில் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தினால் மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். சிதம்பரத்திலும் நண்பகலில் சாத்தி மாலையில்தான் திறக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் இருந்து, அதில் ஏறி ஒரு மணிக்கே சிதம்பரம் போய்ச் சேர்ந்தாலும், சாத்திய கதவின் முன்னால் கீழவீதி வெயிலில் நிற்க வேண்டியதுதான். இரண்டு கோயிலும் மூடியிருக்கும் அந்த நான்கு மணி நேரத்தில் எப்போது கிளம்பினாலும் பலன் ஒன்றே. ஆகவே அந்த இடைவெளிக்குள் ஒரு ரயில் கிடைத்தால் போதும், பயணத்தை ரயிலில் வைத்துக்கொள்வதே சரி.

இந்தப் பாதை கோயில்களோடு தற்செயலாக ஒட்டிக்கொண்டதும் அல்ல. பெரிய புராணத்தில் சுந்தரர் தில்லைக்குப் போன வழியைக் கவனியுங்கள். திருத்துறையூரில் தவநெறி வேண்டிப் பாடுகிறார். திருவதிகைக்கு வருகிறார். நாவுக்கரசர் கையால் உழவாரப்பணி செய்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி, ஊருக்குள் நுழையாமல் புறத்தே சித்தவட மடத்தில் தங்குகிறார். பிறகு கெடிலத்தில் நீராடி, திருமாணிகுழி, திருத்தினைநகர் வழியாகத் தில்லை சேர்கிறார். இன்று விழுப்புரத்திலிருந்து தெற்கே வரும் ரயிலில் பண்ருட்டிக்கு முந்திய நிலையம் திருத்துறையூர்தான். திருத்தினைநகர் என்பது இப்போதைய தீர்த்தனகிரி. அதற்கு அருகே ஆலப்பாக்கம் நிலையம் இருக்கிறது. திருமாணிகுழி ஒன்றுதான் தண்டவாளத்தை விட்டு விலகி நிற்கிறது. தென்னிந்திய ரயில்வேக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் இந்த மெயின் லைனைப் போட்டபோது மக்கள் நடந்த தடத்தையும் சந்தை ஊர்களையும் பார்த்துத்தான் போட்டிருக்க வேண்டும். பின்னாளில் விருத்தாசலம் வழியாகக் கார்டு லைன் வந்து, திருச்சிக்கும் மதுரைக்கும் போகும் விரைவு வண்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் போய்விட்டன. மெயின் லைன் கோயில் ஊர்களின் பாதையாகத் தங்கிவிட்டது.

மக்கள் இதை மறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. விழுப்புரம் – மயிலாடுதுறை மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக்க 2006 கடைசியில் மூடினார்கள். மறுபடி பயணிகள் ரயில் ஓடியது 2010இல். மூன்று ஆண்டுக்கு மேல் ரயிலே இல்லாத ஊரில் எல்லோரும் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் பாதை திறந்த பின்னும் மாறவில்லை. கொரோனாக் காலத்தில் பாசஞ்சர் வண்டிகளுக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணம் என்று குறைந்தபட்சம் 30 ரூபாய் வாங்கியது இன்னொரு அடி. 2024 பிப்ரவரியில் அது பழையபடி 10 ரூபாய்க்கு இறங்கியது. இப்போது பாதை மின்மயம். கட்டணமும் பஸ்ஸைவிடக் குறைவு.

இனி செய்முறை. எந்த ஊர் முதலில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். திருவதிகை காலையில், சிதம்பரம் மாலையில் என்று வைத்துக்கொள்வது நல்லது. திருவதிகையில் இரவு நடை சீக்கிரம் சாத்திவிடுவார்கள். சிதம்பரத்தில் அர்த்தசாமம் முடிய இரவு 10 மணி ஆகும். ரயில் சற்றுத் தாமதமானாலும் சிதம்பரத்தில் தரிசனம் தவறாது. தலைகீழாகப் போனால் திருவதிகையில் தவறிவிடலாம். தங்கவேண்டி வந்தாலும் சிதம்பரத்தில் விடுதிகள் அதிகம். இரவு நேரத்தில் சென்னைக்கோ கடலூருக்கோ திரும்ப வண்டியும் கிடைக்கும்.

அடுத்தது ரயிலைத் தேர்ந்தெடுப்பது. கோயிலுக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்று தொடங்காமல், பண்ருட்டியிலிருந்து முற்பகல் கடைசிக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் இடையே சிதம்பரம் பக்கம் போகும் வண்டி எது என்று பாருங்கள். அது கிடைத்தபின் அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, காலையில் எத்தனை மணிக்குத் திருவதிகையில் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். கால அட்டவணை அவ்வப்போது மாறுகிறது. ஆகவே பழைய தாளையோ தெரிந்தவர் சொன்னதையோ நம்பாமல், கிளம்புவதற்கு முந்தின நாள் ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியில் பாருங்கள், இல்லையென்றால் 139 எண்ணில் கேளுங்கள். தேடும்போது நிலையக் குறியீடு கைவசம் இருந்தால் குழப்பம் வராது: பண்ருட்டிக்கு பி.ஆர்.டி., சிதம்பரத்துக்கு சி.டி.எம்.

கடலூர்க்காரர்களுக்கும் கடலூரில் இறங்குபவர்களுக்கும் இங்கே ஒரு எச்சரிக்கை தேவை, ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கடலூர் நகரத்தின் நடுவே, பஸ் நிலையத்தை ஒட்டி இருக்கும் ரயில் நிலையத்தின் பெயர் திருப்பாதிரிப்புலியூர், குறியீடு டி.டி.பி.ஆர். கடலூர் என்ற பெயரைத் தாங்கிய நிலையம் கடலூர் துறைமுகம் சந்திப்பு. அது முதுநகரில், உள்ளூர்ப் பேச்சில் ஓ.டி.யில் இருக்கிறது, குறியீடு சி.யு.பி.ஜே. நெய்வேலி, விருத்தாசலம் போகும் கிளைப்பாதை பிரிவதும் அங்கேதான். பாடலீசுவரர் கோயிலுக்கோ மஞ்சக்குப்பத்துக்கோ போக வேண்டியவர் பெயரைப் பார்த்துக் கடலூர் துறைமுகத்துக்கு டிக்கெட் எடுத்தால், சில கிலோமீட்டர் திரும்பி வர வேண்டியிருக்கும். எல்லா வண்டியும் இரண்டு நிலையத்திலும் நிற்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது.

டிக்கெட்டுக்கு முன்பதிவு வேண்டாம். சாதாரண பாசஞ்சர் வண்டிக்குக் கவுண்டரில் வாங்கலாம், அல்லது ரயில்ஒன் செயலியில் எடுக்கலாம். எதுவானாலும் வண்டி ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இரண்டு விதிகள் இந்தப் பயணத்துக்கு முக்கியம். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட முன்பதிவில்லாத டிக்கெட்டை எடுத்தால் மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்கான முதல் ரயில் கிளம்புவதற்குள், பயணம் தொடங்க வேண்டும். ஆகவே காலையில் பண்ருட்டியில் இறங்கும்போதே மதிய வண்டிக்கும் சேர்த்து வாங்கி வைக்காதீர்கள். கோயிலிலிருந்து திரும்பி வந்தபின் வாங்குங்கள். இரண்டாவது, வழியில் இறங்கி மறுபடி ஏறும் சலுகை 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டுக்குத்தான். விழுப்புரத்திலிருந்து சிதம்பரத்துக்கு ஒரே டிக்கெட் எடுத்துப் பண்ருட்டியில் இறங்கினால், டிக்கெட் அங்கேயே முடிந்தது. இறங்கும் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி டிக்கெட் என்பதே கணக்கு. பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறவும் கூடாது. எக்ஸ்பிரஸுக்குக் குறைந்தபட்சம் 30 ரூபாய், சோழன் போன்ற சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்கு அதற்கு மேல் ஒரு கூடுதல் கட்டணமும் உண்டு. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தபட்சம் 250 ரூபாய் அபராதம்.

பண்ருட்டி நிலையத்திலிருந்து திருவதிகைக் கோயில் இரண்டு கிலோமீட்டர் அளவில், கடலூர் சாலையில் இருக்கிறது. ஆட்டோவில் சில நிமிடம். காலை வெயில் ஏறுமுன் என்றால் நடந்தே போகலாம். ரயிலை மறுப்பவர்கள் நிலையம் கோயில் வாசலில் இல்லையே என்பார்கள். பஸ்ஸும் பண்ருட்டியில்தான் நிற்கிறது. சிதம்பரத்தில் நிலையத்திலிருந்து கோயில் ஒன்றரைக் கிலோமீட்டர்தான்.

திருவதிகையில் அவசரப்படாதீர்கள். ரயில் நேரம் முன்பே தெரிந்திருப்பதன் பயன் இங்கேதான் கிடைக்கிறது. பஸ்ஸில் போகிறவருக்குக் கிளம்பும் நேரம் திட்டமாக இல்லாததால் மனம் முழுநேரமும் அதிலேயே இருக்கும். அட்ட வீரட்டானங்களில் முப்புரம் எரித்த தலம் இது. கருவறை விமானம் தேர் வடிவில் இருப்பதை நின்று பாருங்கள். சமணத்திலிருந்து திரும்பிய நாவுக்கரசர் சூலை நோய் தீர முதல் பதிகம் பாடிய இடம். அவருடைய தமக்கை திலகவதியார் கோயிலைக் கூட்டி மெழுகித் தொண்டு செய்த இடமும் இதுதான். உடன்பிறந்தவன் மீண்டு வரும்வரை காத்திருந்த அந்த அம்மையாரை நினைக்காமல் திருவதிகையிலிருந்து திரும்புவது குறை. நேரம் இருந்தால் ஊரிலேயே உள்ள சரநாராயணப் பெருமாளையும் சேவிக்கலாம். சமண மடங்களை இடித்துப் பல்லவ மன்னன் இங்கே குணபர ஈச்சரம் கட்டினான் என்பது பெரிய புராணம் சொல்லும் செய்தி. அந்த மடங்கள் இருந்த பாடலிபுத்திரம் நீங்கள் அடுத்துக் கடக்கப்போகும் திருப்பாதிரிப்புலியூர்தான். கல்லோடு கட்டிக் கடலில் இட்ட நாவுக்கரசர் கரை சேர்ந்த ஊரும் அதுவே. கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரில் அந்த நினைவு இன்றும் கடலூரில் இருக்கிறது. பாதை இந்தக் கதையின் வரிசையிலேயே போகிறது என்பதால்தான் ரயிலை இவ்வளவு வற்புறுத்த வேண்டியிருக்கிறது.

பண்ருட்டியில் மதிய உணவை முடித்துக்கொள்ளுங்கள். வழியில் சிறு நிலையங்களில் எதுவும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பலாப்பழக் காலம் என்றால் சுளையாக வாங்குங்கள். முழுப்பழத்தைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் போனால் அன்றைய தரிசனம் முழுவதும் பழத்துக்குக் காவல்தான். முந்திரிப்பருப்பு பைக்குள் அடங்கும். வண்டியில் தெற்கு நோக்கி இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பிற்பகல் வெயில் வலப்பக்கம் அடிக்கும். கடற்கரைப் பக்கமும் இடதுதான். நெல்லிக்குப்பத்தில் கரும்பும் சர்க்கரை ஆலையும், பிறகு கெடிலம், கடலூர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று போய், பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் நடுவே வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது முகத்துவாரத்துக் காற்று உள்ளே வரும். கடல் சேரும் இடத்தில் வெள்ளாறு இவ்வளவு அகலம் என்பதை இந்த ஜன்னலில்தான் நன்றாகப் பார்க்க முடியும். சுந்தரர் வழியை முழுமையாகத் தொடர விரும்புபவர் பாசஞ்சரில் ஆலப்பாக்கத்தில் இறங்கித் தீர்த்தனகிரி போகலாம். ஆனால் அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குவதே நல்லது.

இந்தப் பாதை ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்காகக் கிராசிங்கில் காத்திருக்க நேரலாம். இது நியாயமான ஆட்சேபம்தான். அரை மணி தாமதம் ஆனாலும் நடை திறக்கும் நேரத்துக்குள் போய்ச் சேரும்படி வண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதற்கு அதுவே காரணம். சாலையில் தாமதம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நான்குவழிச் சாலைப் பணிகளால் இந்தப் பகுதியில் பல ஆண்டுகளாகப் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு ஊர் ஓடிப் போய்ச் சேர்வதே வேலை என்றால் பஸ்; நடுவில் கிடக்கும் நாட்டைப் பார்க்க வேண்டும் என்றால் ரயில்.

வயதானவர்களை அழைத்துப்போவது முடியுமா என்ற கேள்விக்கு, ரயிலே வசதி என்பதுதான் பதில். பஸ்ஸில் இடையே இறங்கி மாற வேண்டும். ரயிலில் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம், வண்டிக்குள் கழிவறை. நடைமேம்பாலப் படிகள் மட்டும்தான் தொல்லை. எந்த நடைமேடை என்று கவுண்டரிலேயே கேட்டுக்கொண்டு, வண்டி வருவதற்குக் கால்மணி முன்பே மெல்ல ஏறிக் கடந்துவிடுங்கள். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்க வேண்டாம்.

சில நாட்களில் இந்தத் திட்டம் பலிக்காது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் சிதம்பரம் வண்டிகளில் கால்வைக்க இடம் இருக்காது. வயதானவர்களை அன்று அழைத்துப்போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர் மாவட்டம் படும் துன்பம் தெரிந்ததே. 2024 ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை பெருகியது நினைவிருக்கும். புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். நீங்கள் போகும் நாளில் அந்த மதிய இடைவெளிக்குள் வண்டியே இல்லை என்றால், தயங்காமல் பஸ் ஏறுங்கள். திரும்பும்போது ரயில் பாருங்கள்.

சிதம்பரத்தில் இறங்கியதும் நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் திரும்பும் வண்டியின் நேரத்தைப் பலகையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அர்த்தசாமம் வரை இருக்க விரும்பினால் கடைசி பாசஞ்சர் போயிருக்கும். இரவு விரைவு வண்டியா, பஸ்ஸா, விடுதியா என்பதை அப்போதே முடிவு செய்துவிடுங்கள். பிறகு ஆட்டோ பிடித்துக் கீழவீதிக்குப் போனால், நடை திறக்கும் நேரம் சரியாக இருக்கும்.