கேன்யனுக்குப் போறதுக்கு முன்னாடி குண்டாற்றில் ஒரு நடை

செமஸ்டர் லீவு வந்தாச்சு. ஹாஸ்டலில் எந்த ரூமுக்குப் போனாலும் ரோடு ட்ரிப் பேச்சுதான். இந்தத் தடவை நிறைய பேர் சொல்ற பெயர் கண்டிக்கோட்டை. ஆந்திராவில் கடப்பா மாவட்டம், பெண்ணாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு போகிற பள்ளத்தாக்கு. மேலே நின்னு போட்டோ எடுப்பது ஒரு ரகம், உள்ளே இறங்கி நடப்பது இன்னொரு ரகம். இந்தப் பாடம் இரண்டாவது ரகத்துக்கு.

பாடசாலை ரொம்பத் தூரம் இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, திருச்சுழி வந்துடும். ஊரை ஒட்டிக் குண்டாறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலும் சீமைக்கருவேலமும்தான். "இதுல என்னப்பா பார்க்க இருக்கு?"ன்னு கேட்பீங்க. தண்ணி இல்லாத ஆற்றில்தான் ஆறு எழுதிவச்ச கணக்கைப் படிக்க முடியும்.

இங்கே ஏன் கேன்யன் இல்லை?

கேன்யன் உருவாக மூணு வேணும்: வேகம் கொடுக்கும் சரிவு, செங்குத்தா நிக்கிற கெட்டியான பாறை, நீண்ட காலம். குண்டாறு மதுரை மாவட்டத்தின் மேற்கு மலைகளில் பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியா மன்னார் வளைகுடாவுக்குப் போகுது. மலையை விட்டு இறங்கின பிறகு சரிவு ரொம்பக் குறைவு. கரை மண்ணும் மணலும். பள்ளம் தோண்டினால் கரை சரிஞ்சு விழும். அதனால் ஆறு ஆழமாகப் போகாமல் அகலமாகப் போகுது. பெண்ணாற்றுக்கு கண்டிக்கோட்டையில் கெட்டிப் பாறை கிடைச்சது, சுவர் நின்னுச்சு.

இந்த வித்தியாசத்தை மனசில் வச்சுக்கோங்க. குண்டாற்றில் வெள்ளம் வந்தால் நாலு எட்டு வச்சு கரை ஏறலாம். கேன்யனில் கரை என்பது நூறடிச் சுவர்.

செடியில் தொங்கும் அளவுகோல்

ஆற்றுக்குள் நிக்கிற கருவேலஞ்செடிகளைப் பாருங்க. கிளைகளில் காய்ந்த வைக்கோல், பிளாஸ்டிக் பை, கந்தல் துணி சிக்கியிருக்கும். கடைசி வெள்ளம் எவ்வளவு உயரம் ஓடுச்சுன்னு சொல்லும் அடையாளம் அது. உங்க தலைக்கு மேலே அது தொங்கினால், நீங்க நிக்கிற இடம் தண்ணிக்கு அடியில் இருந்த இடம்.

இப்போ மேனிங் சமன்பாட்டை எடுங்க. தேர்வுக்கு மனப்பாடம் பண்ணினது இங்கே உயிரோட வரும். ஒரு உதாரணம்: அகலம் 40 மீட்டர், அடையாளத்தின்படி ஆழம் 1.5 மீட்டர், சரிவு ஆயிரத்தில் ஒன்று, சொரசொரப்பு எண் 0.035. பரப்பு 60 சதுர மீட்டர், நனையும் சுற்றளவு 43 மீட்டர், நீரியல் ஆரம் சுமார் 1.4. கணக்குப் போட்டால் வேகம் வினாடிக்கு 1.13 மீட்டர். வெள்ள அளவு வினாடிக்கு சுமார் 68 கன மீட்டர், அதாவது 2,400 கன அடி. 12,000 லிட்டர் தண்ணி லாரி ஐந்தரை, ஒவ்வொரு வினாடிக்கும்.

1.13 மீட்டர் வேகம்னா நாம சாதாரணமா நடக்கிற வேகம்தான். "இதுக்கா பயப்படணும்?"னு தோணும். கணக்கு பண்ணிப் பாருங்க. 60 கிலோ ஆள் மார்பளவு தண்ணியில் நின்றால், மிதப்பு விசையால் காலில் ஊன்றும் எடை சுமார் 20 கிலோதான். உராய்வு எண் 0.5 என்று வச்சாலும் கால் பிடிச்சு நிறுத்துறது 10 கிலோ விசை. தண்ணி உடம்பைத் தள்ளுவதோ, 1.3 மீட்டர் உயரம், 0.35 மீட்டர் அகலம், இழுவை எண் 1 என்று எடுத்தால், சுமார் 30 கிலோ விசை. நிக்க முடியாது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. நீச்சல் தெரியும் என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வரலை.

மணல் சொல்ற கதை

ஆறு வளையும் இடத்தில் நில்லுங்க. வெளிக்கரை அரிச்சு செங்குத்தா இருக்கும், உட்கரையில் மணல் மேடு போட்டிருக்கும். வெள்ளம் வந்தால் வேகமும் ஆழமும் வெளிக்கரைப் பக்கம். ஒதுங்கணும்னா உட்கரைப் பக்கம் ஒதுங்கணும்.

மணலுக்கு அடியிலும் ஆறு இருக்கு. கோடையில் இந்தப் பக்கத்து ஜனங்க மணலில் ஊற்று தோண்டி, ஊறுகிற தண்ணியைக் கொட்டாங்குச்சியில் அள்ளி ஊத்திக் குடம் நிரப்புவாங்க. நனைஞ்சு கிடக்கும் ஒரு கன மீட்டர் மணலில் சுமார் 300 லிட்டர் தண்ணி தங்கும். மணலை அள்ளிட்டா அந்தத் தொட்டியே போச்சு. மணல் அள்ளின குழி இன்னொரு வகையிலும் ஆபத்து. முழங்கால் தண்ணின்னு நம்பி நடக்கிறவனுக்கு அடுத்த எட்டில் ஆளை முழுங்குற பள்ளம். கலங்கிய தண்ணியில் கண்ணுக்குத் தெரியாது.

மழை அங்கே, வெள்ளம் இங்கே

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். ஆற்றில் வரும் தண்ணி உங்க தலைக்கு மேல் இருக்கும் மேகத்திலிருந்து வர வேண்டியதில்லை. திருச்சுழியில் வெயில் கொளுத்தும்போதே மேற்கு மலையில் பெய்த மழை இறங்கி வரலாம். இங்கே கூடுதலா ஒரு சங்கதி இருக்கு, அது கண்மாய்ச் சங்கிலி. மேல் கண்மாய் நிறைஞ்சு கலுங்கு பாய்ந்தால்தான் மிச்சத் தண்ணி கீழ்க் கண்மாய்க்கு. அதனால் ஐப்பசி முதல் மழைகளில் ஆறு சும்மா கிடக்கும். கண்மாய்கள் நிறைஞ்ச பிறகு அதே அளவு மழைக்கு வெள்ளம் வரும். "போன வாரமும் மழை பெஞ்சுச்சு, ஒண்ணும் வரலையே" என்ற தைரியம் அதனால்தான் ஆபத்தானது.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகலான பாறை இடுக்கு. 1997 ஆகஸ்ட் 12 அன்று உள்ளே போனவர்களில் 11 பேர் திடீர் வெள்ளத்தில் இறந்தாங்க. கனமழை பெய்தது அவங்க நின்ற இடத்தில் இல்லை, பல மைல் மேலே. இடுக்கு குறுகக் குறுகத் தண்ணி உயர்ந்துகொண்டே போகும். ஏறித் தப்பிக்கக் கரை கிடையாது.

கிளம்பும் முன்

1. போகிற ஊரின் வானிலையை மட்டும் பார்க்காதீங்க. ஆற்றின் மேற்பகுதி எங்கே இருக்குன்னு மேப்பில் தேடி, அங்கே மழை எச்சரிக்கை உண்டான்னு பாருங்க.
2. மேலே அணை இருந்தால் மழையே இல்லாமல் தண்ணி வரலாம். திறப்பு பற்றி உள்ளூரில் விசாரிங்க.
3. நடக்கும்போது ஒவ்வொரு வளைவிலும் கேளுங்க: இப்போ தண்ணி வந்தால் எங்கே ஏறுவேன்? பதில் இல்லாத இடத்தில் உட்கார்ந்து சாப்பிடாதீங்க.
4. தெளிந்த தண்ணி கலங்கினால், சுள்ளியும் சருகும் மிதந்து வந்தால், இரைச்சல் கேட்டால், பையை விட்டுட்டு ஏறுங்க. வீடியோ அப்புறம்.
5. ஆற்றுப் படுகையில் டென்ட் வேண்டாம். மணல் மெத்தை மாதிரிதான் இருக்கும், அதை விரிச்சது வெள்ளம்.
6. ஆடு மேய்க்கிற அண்ணன், வயக்காட்டில் நிக்கிற அக்கா "போகாதீங்க தம்பி"ன்னு சொன்னால் திரும்பிடுங்க. அவங்க கிட்ட இருக்கும் டேட்டா எந்த ஆப்பிலும் இல்லை.

திருச்சுழித் தலபுராணமே ஒரு வெள்ளக் கதைதான். ஊரை மூழ்கடிக்க வந்த பிரளயத்தைச் சிவன் சூலத்தால் துளைபோட்டுச் சுழித்து உள்ளே இறக்கினார் என்பது ஐதீகம். வானம் பார்த்த பூமி வெள்ளத்தைப் பேரிலேயே வச்சிருக்கு. கண்டிக்கோட்டைக்குக் கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மழை இல்லாத மாசமாப் பார்த்து, ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கிட்டுக் குண்டாற்றுக்கு வாங்க. செடியில் தொங்கும் துணியின் உயரத்தை அளந்து, மேனிங் கணக்கை நீங்களே போடுங்க. அதுக்கப்புறம் எந்த ஆற்றில் இறங்கினாலும் கண்ணு முதலில் தேடுவது கரையைத்தான்.