கரண்ட் வைத்தால் கை வருமா?

பக்கவாதம் வந்தவரின் வீட்டில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். "கரண்ட் வச்சா கை வந்துடுமா?" என்பது ஒன்று. "மனசுல நெனச்சுப் பாருங்கன்னு சொல்றாங்களே, அதுல என்ன ஆகப்போகுது?" என்பது இன்னொன்று. முன்னதன் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை. பின்னதன் மேல் அளவுக்கு மீறிய அவநம்பிக்கை. இரண்டாலும் இழப்பு நோயாளிக்குத்தான். மீட்சிக்கு மிக முக்கியமான முதல் சில மாதங்கள் தவறான எண்ணங்களில் கழிந்துவிடக் கூடாது.

நம்பிக்கை: கரண்ட் தசையைத்தான் ஆட்டும்; மூளைக்கு ஒன்றும் போகாது.

உண்மை: தோலில் ஒட்டும் பட்டைகளின் வழியே செல்லும் மின்சாரம் தசைநாரைவிட எளிதாக நரம்பைத்தான் தூண்டுகிறது. அந்த நரம்பில் தசைக்குக் கட்டளை கொண்டுவரும் இழைகளும் உண்டு, உணர்வை மேலே எடுத்துச் செல்லும் இழைகளும் உண்டு. எனவே ஒரே துடிப்பு கீழே தசையைச் சுருக்கும்போதே, தண்டுவடம் ஏறி மூளையின் உணர்வுப் பகுதிக்கும் போய்ச் சேருகிறது. அதை ஒட்டியே இயக்கப் பகுதி இருக்கிறது. இரண்டுக்கும் நெருங்கிய இணைப்பு உண்டு. போதிய நேரம் தூண்டினால், மூளையிலிருந்து தசைக்கு இறங்கும் பாதை சிறிது நேரத்துக்குக் கூடுதல் விழிப்போடு இருக்கிறது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரின் குழு உருவாக்கிய காந்தத் தூண்டல் முறையால் இதை அளக்க முடிகிறது. அந்த விழிப்பு நிலைப்பதில்லை. அது இருக்கும்போதே பயிற்சி செய்வதில்தான் பலன்.

நம்பிக்கை: மனப்பயிற்சி, அதாவது அசைவை மனதில் நினைத்துப் பார்ப்பது, வெறும் ஆறுதல்.

உண்மை: 1992இல் குவாங் யூ, கெல்லி கோல் என்ற ஆய்வாளர்கள் சுண்டுவிரலை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நான்கு வாரம் விரலை உண்மையாகவே அழுத்திப் பழகியவர்களுக்கு வலு 30% கூடியது. விரலை அசைக்காமல், முழு வலுவோடு அழுத்துவதாகக் கற்பனை மட்டும் செய்தவர்களுக்கு 22% கூடியது. ஒன்றுமே செய்யாதவர்களுக்கு 4%கூட இல்லை. கற்பனையில் தசை பருக்காது. மேலிருந்து வரும் கட்டளைதான் வலுத்தது.

2014இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமானவர்களின் மணிக்கட்டுக்கு நான்கு வாரம் கட்டுப் போட்டார்கள். சும்மா இருந்தவர்கள் ஏறத்தாழ 45% வலுவை இழந்தார்கள். மனதில் கையை இறுக்கிப் பழகியவர்கள் இழந்தது சுமார் 24%.

நம்பிக்கை: அப்படியானால் படுத்துக்கொண்டு நினைத்தாலே போதும்.

உண்மை: போதாது. 1995இல் ஆல்வாரோ பாஸ்குவல்-லியோன் குழு, பியானோ வாசித்து அறியாதவர்களுக்கு ஓர் ஐவிரல் பயிற்சி கொடுத்தது. ஐந்து நாள் மனதிலேயே வாசித்தவர்களின் மூளையில் விரல்களுக்கான பகுதி, கையால் வாசித்தவர்களுக்கு விரிந்ததைப் போலவே விரிந்தது. ஆனால் வாசிப்பில் அவர்கள் எட்டியது, கையால் வாசித்தவர்கள் மூன்றாம் நாளில் எட்டிய நிலையை. பிறகு இரண்டு மணி நேரம் கையால் வாசித்ததும் அவர்களும் சமநிலைக்கு வந்துவிட்டார்கள். மனப்பயிற்சி மூளையைத் தயார்செய்கிறது. செயல்தான் அதை முடித்துவைக்கிறது.

பிரிட்டனில் 121 பக்கவாத நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், மனப்பயிற்சியால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. இதையும் நோயாளியிடம் மறைக்கக் கூடாது. கற்பனை செய்யும் விதமும் முக்கியம். கை அசைவதைத் தள்ளி நின்று பார்ப்பதுபோல நினைப்பது பலவீனமானது. டம்ளரின் குளிர்ச்சி, விரல் மடங்கும் இறுக்கம், தூக்கும்போது தெரியும் கனம் எல்லாவற்றையும் தன் உடலிலேயே உணர வேண்டும்.

நம்பிக்கை: கரண்ட் பெல்ட் கட்டினால் உடற்பயிற்சியே வேண்டாம்.

உண்மை: 2002இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், இப்படி விளம்பரம் செய்த மூன்று வயிற்றுப் பட்டைகள் மேல் நடவடிக்கை எடுத்தது. கரண்ட் உடற்பயிற்சிக்கு ஈடாகாததற்குக் காரணம் உண்டு. நாமே தசையை இயக்கும்போது சிறிய இழைத் தொகுதிகள் முதலில் வேலைக்கு வரும். பாரம் கூடக் கூடப் பெரியவை சேரும். கரண்ட் அந்த ஒழுங்கைப் பார்ப்பதில்லை. பட்டைக்கு அருகில் உள்ளவற்றையே திரும்பத் திரும்ப ஒன்றாகச் சுருக்கும். தசை சீக்கிரம் களைத்துவிடும்.

நம்பிக்கை: இரண்டில் ஒன்று போதும்.

உண்மை: நோயாளிக்கு மிகவும் பயன்படக்கூடிய செய்தி இங்கேதான் இருக்கிறது. 2014இல் ஜப்பானில் கனேகோ குழு ஆரோக்கியமானவர்களிடம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. கற்பனையும் கரண்டும் ஒரே நேரத்தில் நடந்தபோது, மூளையிலிருந்து இறங்கும் பாதையின் விழிப்பு, தானாகத் தசையை இயக்கும்போது இருக்கும் அளவை நெருங்கியது. மேலிருந்து எண்ணமும் கீழிருந்து உணர்வும் ஒரே கணத்தில் சந்திப்பதுதான் இதன் சாரம். நடக்கும் முயற்சியோடு கரண்டைச் சேர்ப்பது பழைய யோசனைதான். 1961இலேயே விளாடிமிர் லிபர்சன் என்பவர், பாதம் தொங்கிப்போன நோயாளிகளின் செருப்புக் குதிகாலில் ஒரு சுவிட்ச் வைத்தார். குதிகால் எழும்போது கரண்ட் பாய்ந்து பாதத்தை மேலே தூக்கியது. பயிற்சிக்குப் பிறகு சிலர் சிறிது நேரம் கருவி இல்லாமலே பாதத்தைத் தூக்கினார்கள்.

ஆகவே, கரண்ட் ஓடும் நேரம் ஓய்வு நேரம் அல்ல. டிவியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் "விரலை விரிங்க அப்பா" என்று பக்கத்திலிருந்து சொல்லுங்கள். விரல் அசையாவிட்டாலும் அவர் முயலட்டும். என்ன அசைவை, எந்தக் கணத்தில் முயல வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கரண்ட் வைத்துக்கொள்ளக் கூடாது. கருவி வாங்கும் பணத்தைவிட, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் தரும் அந்த அரை மணி நேரம் நோயாளிக்கு அதிகம் தேவை.