மெல்லிய பித்தளைத் தகடு: தேர்ந்தெடுத்தலும் வேலை செய்தலும்

நம் இல்லங்களில் உள்ள பித்தளைப் பொருள்கள் இரு வகையில் உருவானவை. நாச்சியார்கோவில் குத்துவிளக்கைப் போன்றவை உருக்கி வார்க்கப்பட்டவை. தாம்பாளம், நிலைப்படிக் கவசம், காவடி அலங்காரத் தகடு போன்றவை தகட்டை வெட்டியும் அடித்தும் வளைத்தும் செய்யப்பட்டவை. வார்ப்புக்கு உலையும் அச்சும் வேண்டும். தகட்டு வேலைக்கு உறுதியான மேசையும் சில கைக்கருவிகளும் இருந்தால் தொடங்கிவிடலாம். இளைஞர்கள் கற்பதற்கு ஏற்ற கைத்தொழில் இது என்பது என் கருத்து.

தகட்டு வேலைப் பட்டறையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். தைப்பூசத்திற்கு முந்தைய வாரங்களில் காவடி கட்டும் பிள்ளைகள் என்னைத் தேடி வருவதுண்டு. "ஐயா, எந்தத் தகடு வாங்குவது? வளைத்தால் ஏன் வெடிக்கிறது?" என்பவையே அவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்விகள். அவர்களுக்கு நான் கூறுபவற்றையே இங்கு எழுதியுள்ளேன்.

கலவையை அறிதல்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்ட தகடு நன்றாக நீளும். குழிவாக அடிக்கும் வேலைக்கு ஏற்றது. 63க்கு 37 என்ற கலவை சற்று மலிவானது. மடிக்கும் வேலைக்குப் போதுமானது. 90க்கு 10 என்ற கலவை செம்பொன் நிறத்தில் இருக்கும்.

இவை தவிர, 2 அல்லது 3 விழுக்காடு காரீயம் சேர்த்த பித்தளையும் உண்டு. கடைசல் வேலைக்கும் எழுத்துப் பொறிப்பதற்கும் அது அருமையானது. வளைத்தாலோ எளிதில் வெடித்துவிடும். ஆகவே கடைக்காரரிடம் "பித்தளைத் தகடு" என்று மட்டும் கேளாமல், "வளைத்து அடிப்பதற்கான தகடு" என்று சொல்லிக் கேளுங்கள். கடினத் தகடா, மென்தகடா என்பதையும் விசாரியுங்கள். அடிக்கும் வேலைக்கு மென்தகடும் தட்டையாக நிற்க வேண்டிய பலகைக்கு அரைக்கடினத் தகடும் பொருந்தும்.

கனமும் எடையும்

கனத்தை மில்லிமீட்டரில் கேட்பதே நல்லது. ஆங்கிலேயர் அளவில் 24 கேஜ் என்பது 0.56 மில்லிமீட்டர், அமெரிக்கர் அளவில் அதே 24 கேஜ் 0.51 மில்லிமீட்டர். எண் ஒன்றாயினும் பொருள் வேறு.

கையால் அழுத்திப் புடைக்கும் சித்திர வேலைக்கு 0.2 முதல் 0.3 வரை, மரத்தின் மேல் போர்த்துவதற்கு 0.4 முதல் 0.5 வரை, தட்டு, கிண்ணம் முதலியவற்றிற்கு 0.7 முதல் 0.9 வரை, பெயர்ப் பலகைக்கு 1 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் வேண்டும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 0.5 மில்லிமீட்டர் தகடு ஏறக்குறைய 4¼ கிலோ எடையுள்ளது. 0.3 மில்லிமீட்டர் தகடு 2½ கிலோவுக்குச் சற்றே மிகுதி. காவடியில் இந்த வேறுபாடு பெரிது. பத்துமலையின் 272 படிகளையும் ஏறப்போகிற தோள்தான் அந்த எடையைத் தாங்க வேண்டும். அலுமினியத்தின் எடை பித்தளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே கண்ணுக்குத் தெரியாத உட்பகுதிகளுக்கு அலுமினியத்தையே நான் பரிந்துரைப்பேன்.

வெட்டுதலும் மடித்தலும்

வெட்ட வேண்டிய கோட்டைக் கூரிய ஊசியால் கீறலாம். மடிக்க வேண்டிய கோட்டை எழுதுகோலால் மட்டுமே வரைய வேண்டும். கீறிய இடத்தில் மடித்தால் வெடிப்பு அங்கிருந்தே தொடங்கும். தகட்டை உற்று நோக்கினால் உருளையில் இழுபட்ட நுண்ணிய கோடுகள் தெரியும். மடிப்பு அவற்றுக்குக் குறுக்கே அமைவது நல்லது.

கத்தரியின் நுனி முழுவதும் மூடும்படி வெட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் விளிம்பில் வடு விழும். நுண்ணிய வடிவங்களுக்கு இழை வாளைப் பயன்படுத்தலாம். தகட்டின் கனத்துக்குள் குறைந்தது மூன்று பற்கள் அடங்கும் வாளாக அது இருக்க வேண்டும்.

துளையிடும்போது தகட்டை இரண்டு ஒட்டுப் பலகைகளுக்கிடையே வைத்து இறுக்குங்கள். துளையாணி பித்தளையைக் கவ்வி இழுக்கும் தன்மையுடையது. கையால் பிடித்த தகடு கத்தியைப் போலச் சுழன்று விரல்களைப் பதம் பார்த்துவிடும். தகட்டைத் தூக்கும்போது கையுறை அவசியம். துளைப்பொறி ஓடும்போது கையுறை கூடாது.

வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்கினால் மட்டும் போதாது. 5 மில்லிமீட்டர் அளவுக்கு மடித்துவிட வேண்டும். காவடியை ஒட்டிச் சிறு பிள்ளைகள் நடந்து வருவார்கள். அவர்களின் முகமும் தகட்டின் விளிம்பும் ஒரே உயரத்தில் இருக்கும். விளிம்பு மடிக்காத தகட்டை என் மேசையிலிருந்து நான் வெளியே விடுவதில்லை.

இளக்குதலும் பற்றவைத்தலும்

அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும். சுத்தியலின் ஓசை கணீரென்று மாறுவதே அதன் அடையாளம். மேலும் அடித்தால் வெடிக்கும். அப்போது மங்கிய வெளிச்சத்தில் தகட்டைச் சூடேற்றி, இலேசான சிவப்பு தோன்றியதும் நிறுத்துங்கள். அது ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ். சிவப்பு மறைந்தபின் நீரில் அமிழ்த்தலாம். எஃகைப் போல இது நீர் பட்டு இறுகுவதில்லை. கருத்த படலத்தைச் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீர் நீக்கிவிடும். அந்நீரில் இரும்பு இடுக்கியை இடக்கூடாது. பித்தளையின் மேல் செம்பு படிந்து நிறம் கெடும்.

அளவுக்கு மீறிச் சூடேற்றுவது ஆபத்து. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். வெண்புகை எழுந்தால் அதைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரக்கூடும். எனவே காற்றோட்டமான இடத்திலேயே வேலை செய்யுங்கள்.

பற்றவைப்பதற்கு, காரீயம் கலவாத வெள்ளீயப் பற்று 230 டிகிரி அளவில் உருகும். வெள்ளிப் பற்றுக்கு 600 டிகிரிக்கு மேல் சூடும் வெங்காரமும் வேண்டும். காட்மியம் கலந்த பழைய வெள்ளிப் பற்றுக் கம்பிகளைத் தொடவே வேண்டாம். அதன் புகை நுரையீரலைக் கொல்லும். புளிப்புள்ள உணவு வைக்கும் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளீயம் பூசப்பட்டிருக்க வேண்டும்.

செய்தபின் காத்தல்

ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில், குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடித்தன. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், கூட்டை உருவாக்கியபோது உலோகத்துள் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே அதற்குக் காரணம் என்று 1921இல் வெளிவந்த ஆய்வு விளக்கியது. நம் வீட்டுத் தட்டுக்கும் இதுவே விதி. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களைப் பித்தளைக்குப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்த பொருளை 250 முதல் 300 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் உள்ளிறுக்கம் பெரிதும் தளரும். ஈயப் பற்று வைப்பதற்கு முன்னரே இதைச் செய்ய வேண்டும். பின்னர் செய்தால் பற்று உருகிவிடும்.

புளியிட்டுத் துலக்குவது நல்ல பழக்கமே. ஆனால் புளிப்பு சிறிதும் தங்காமல் கழுவி, உடனே துடைத்து உலர்த்துங்கள். தங்கினால் பச்சை படியும்.

முதற்பயிற்சி

0.5 மில்லிமீட்டர் மென்தகட்டில் 14 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வெட்டுங்கள். நான்கு மூலைகளிலும் 2 சென்டிமீட்டர் சதுரத்தை நீக்குங்கள். ஓரத்தில் அரை சென்டிமீட்டரை வெளிப்பக்கமாக முழுதும் மடித்து அமுக்குங்கள். மீதமுள்ள ஒன்றரை சென்டிமீட்டரைச் சுவராக நிமிர்த்துங்கள். மூலைகளை உட்புறமிருந்து பற்றவையுங்கள். 10 சென்டிமீட்டர் அடித்தளமுள்ள பூத்தட்டு கிடைக்கும்.

முதல் தட்டு கோணலாக இருக்கலாம். மூன்றாவது நேராக அமையும். அந்த மூன்றாவது தட்டைச் செய்த பிள்ளையிடம் காவடித் தகட்டை நம்பி ஒப்படைக்கலாம்.